மனசுக்குள் ஒரு தோழன்: பாரதி உருவாக்கிய கண்ணன், பாரதியிடமே முரண்டு பிடித்த கதை!

மனசுக்குள்ள ஒருத்தர்கூடப் பேசுற பழக்கம் உங்களுக்கு உண்டா? பரீட்சைக்கு முந்தின ராத்திரி, பஸ்ஸோட ஜன்னலோர சீட், தூக்கம் வராத நேரம்... நம்மில் பலருக்கும் அப்படி ஒரு ஆள் உண்டு. அந்த ஆளையே தினமும் உட்கார்ந்து, முகம், குரல், குணம்னு ஒவ்வொண்ணா யோசிச்சு, தனக்குன்னு புத்தி இருக்கிற ஒருத்தராவே உருவாக்கினால் அதுக்குப் பேர் 'துல்பா'. திபெத்திய பௌத்தத்தோட தொடர்புள்ள இந்தச் சொல்லை இன்னிக்கு இளைஞர்கள் பலர் கையில் எடுத்திருக்காங்க. செயலியில் குணத்தைத் தேர்வு செஞ்சு ஒரு ஏ.ஐ. நண்பனை உருவாக்குறவங்களும் கிட்டத்தட்ட இதே வாசல்லதான் நிக்கிறாங்க.

ஆனா ஒரு கேள்வி. நாம உருவாக்கின ஆளுங்கிறதுக்காக, அவரோட குணத்தை நம்ம இஷ்டத்துக்கு வளைக்கலாமா?

இந்தக் கேள்வியோட 100 வருஷத்துக்கு முன்னாடியே மல்லுக்கட்டினவர் ஒருத்தர் இருக்கார். உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சவர்தான். முண்டாசு, முறுக்கு மீசை... ஆமாம், பாரதியேதான்.

தோழன் இல்லாத சிறுவன்

1882 டிசம்பர் 11-ல், அன்றைய திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த எட்டயபுரத்தில் பிறந்தார் சுப்பிரமணியன். அஞ்சு வயசுல அம்மா லட்சுமி அம்மாள் போய்ட்டாங்க. அப்பா சின்னச்சாமி ஐயர் கணக்கில் கெட்டிக்காரர். இயந்திரங்கள் மேல ஆசை கொண்டவர். பையனும் கணக்கு, இங்கிலீஷ் படிச்சுப் பெரிய ஆளாகணும்கிறது அவர் திட்டம். பையனுக்கோ கவிதைதான் உலகம். 11 வயசுலயே எட்டயபுரத்துப் புலவர்கள் முன்னாடி 'பாரதி' பட்டம் வாங்கியாச்சு!

தெருவுல மத்த பசங்க ஓடி விளையாட, தான் மட்டும் அப்பாவுக்குப் பயந்து தனியா இருந்ததைப் பின்னாளில் தன் சுயசரிதைக் கவிதையில் வருத்தத்தோட பதிவு செஞ்சிருக்கார். திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்கு இங்கிலீஷ் படிக்க அனுப்பப்பட்டதும் அவருக்குக் கசப்பான ஞாபகம்தான். 1897-ல், 14 வயசுல, கடையத்தைச் சேர்ந்த செல்லம்மாவோட கல்யாணம். செல்லம்மாவுக்கு அப்போ 7 வயசு. அடுத்த வருஷமே அப்பாவும் இறந்துட்டார்.

இந்தச் சிறுவனை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. பிரியத்தோடதான், ஆனா அவனோட குணத்தைப் பார்க்காமலே, இன்னொருத்தர் வடிக்கப் பார்த்த பிள்ளை அவன்.

புதுச்சேரியில் வந்து சேர்ந்த ஆள்

காசியில் சில வருஷம், எட்டயபுரம் அரண்மனையில் கொஞ்ச நாள், மதுரையில் சில மாசம் வாத்தியார் வேலை, 1904-ல் சென்னை 'சுதேசமித்திரன்' பத்திரிகை, அப்புறம் 'இந்தியா' வார இதழ். பிரிட்டிஷ் அரசு கைது செய்யப் பார்க்க, 1908-ல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். 10 வருஷம் அங்கேதான். பத்திரிகை நின்னுபோச்சு, கையில் காசில்லை, சுத்திலும் ஒற்றர்கள்.

அந்த வறுமைக்கு நடுவுலதான் கண்ணன் வந்தான். பாரதிக்குக் கண்ணன் தெய்வம். ஆனா கோயில்ல வெச்சுக் கும்பிட்டதோட அவர் நிறுத்திக்கலை. தோழன், தாய், தந்தை, வேலைக்காரன், அரசன், சீடன், குரு, குழந்தை, காதலன், காதலின்னு ஒவ்வொரு உறவாக் கொடுத்து, கூடவே வாழ வெச்சார். 23 பாட்டு. அதுதான் 'கண்ணன் பாட்டு'. 1917-ல் அதை முதன்முதலா புத்தகமாக்கினவர், பாரதி தம்பியா நினைச்ச நெல்லைச் சீமைக்காரர் பரலி சு. நெல்லையப்பர்.

இந்த வழக்கம் தாமிரபரணிக் கரைக்குப் புதுசு இல்லை. அதே ஆத்தங்கரையில் இருக்கிற ஆழ்வார்திருநகரியில் அவதரிச்ச நம்மாழ்வார், பெருமாளைக் காதலிக்கிற பெண்ணாவும், அந்தப் பெண்ணோட தாயாவும் மாறிப் பாடினவர். பாரதி அதே பாதையை கூலி, பொய்ச் சாக்கு எல்லாம் இருக்கிற அன்றாட வீட்டுக்குள்ள கொண்டு வந்தார். எப்பப் பார்த்தாலும் லீவுக்குக் கதை சொல்ற வேலைக்காரர்களால நொந்துபோன ஒரு வீட்டுக்கு, எங்கிருந்தோ வந்து வேலை கேட்குற பையன் அவரோட கண்ணன்!

துல்பா முரண்டு பிடித்தால்?

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. பாரதி புதுச்சேரியில் இருந்த 1911-ம் வருஷம், அரவிந்தரைப் பார்க்க அதே ஊருக்கு வந்தார் பிரெஞ்சுப் பெண் அலெக்சாந்த்ரா டேவிட்-நீல். பின்னாளில் திபெத் போய், 1929-ல் புத்தகம் எழுதினார். மேற்கு உலகத்துல துல்பா பிரபலமானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. குள்ளமா, குண்டா, வெகுளியா ஒரு துறவியைத் தன் மனசாலயே உருவாக்கினதா அதுல சொல்றார். நாளாக ஆக அந்தத் துறவி மெலிஞ்சு, ஏளனமாப் பார்க்க ஆரம்பிச்சாராம், அடங்க மறுத்தாராம். கடைசியில் அவரைக் கலைக்க 6 மாசம் போராட வேண்டியிருந்ததாம். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா அவர் எடுத்த முடிவைக் கவனிங்க: சொன்ன பேச்சைக் கேட்கலையா, அழிச்சுடு.

பாரதியோட கண்ணனும் முரண்டு பிடிச்சான். 'கண்ணன் என் சீடன்' பாட்டோட கதையே அதுதான். கண்ணன், தன்னைவிடச் சின்னவன் மாதிரி நடிச்சுக்கிட்டு சீடனா வர்றான். குருவுக்குத் தலைக்கனம் ஏறுது. இவனைத் திருத்தியே தீருவேன்னு கிளம்புறார். இப்படி நில், அப்படிச் செய்யாதேன்னு உத்தரவு மேல உத்தரவு. அவன் எல்லாத்தையும் தலைகீழாச் செய்றான், ஊரே சிரிக்குது. கெஞ்சிப் பார்க்கிறார், திட்டிப் பார்க்கிறார். கடைசியா, தன் கவிதைகளைப் பிரதி எடுக்குற ஒரு சின்ன வேலையைத் தர்றார். முடியாதுங்கிறான். கோபத்தில் கண் முன்னாலயே நிக்காதேன்னு விரட்டிடறார். அவன் எழுந்து நடக்கும்போது மனசு உடைஞ்சு, நான் தோத்துட்டேன், நல்லா இருப்பான்னு வாழ்த்தி அனுப்புறார்.

அடுத்த நொடி அவன் திரும்பி வந்து, பேனாவை எடுத்து, எழுத உட்கார்றான். அப்புறம் மறைஞ்சுபோய், மனசுக்குள்ள தோணி, இன்னொண்ணை ஆக்குறதும் மாத்துறதும் உன் கையில் இல்லை. தோத்தேன்னு சொன்ன அந்த இடத்துலதான் நீ ஜெயிச்சேன்னு புரிய வைக்கிறான்.

அப்பா தன்னை வடிக்கப் பார்த்த மாதிரியே, தானும் இன்னொருத்தனை வடிக்கப் பார்த்த கதையை, தன்னையே கேலி செஞ்சு பாடியிருக்கார் மனுஷன். டேவிட்-நீல் கலைச்சார், பாரதி பிடியை விட்டார்.

கடையத்தில் நடந்தது

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கைது. கடலூர்ச் சிறையில் மூணு வாரத்துக்கு மேல. நிபந்தனைகளோட விடுதலையாகி, செல்லம்மாவோட ஊரான கடையத்துக்கு வந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம். ஊர்ப் பக்கம் ஓடுற ராமநதி, கடனாநதியோட சேர்ந்து தாமிரபரணியில் கலக்கும். இயற்கை அவரை ஏத்துக்கிச்சு. அக்ரகாரம்? ஜாதி பார்க்காம எல்லார்கூடவும் பழகுற இந்த மாப்பிள்ளையை அதுக்குப் பிடிக்கலை. மறுபடியும் அவரை வடிக்கப் பார்த்தாங்க, அவர் வளையலை.

ஆனா கதையோட இன்னொரு பக்கத்தையும் நாம பார்க்கணும். கண்ணனை வடிக்க மாட்டேன்னு விட்ட மனுஷனோட வாழ்ந்தது செல்லம்மா. சமைக்க இருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைச்சுட்டு அவர் பாட்டுப் பாடின கதை நமக்கு அழகு. அன்னிக்கு அடுப்பு எரிய வேண்டிய வீடு அவங்களோடது. 1951-ல் திருச்சி வானொலியில் கணவரைப் பத்திப் பேசினப்போ, கவிஞரோட மனைவியா இருக்குறது எவ்வளவு கஷ்டம்னு அவங்களே சொன்னாங்க. மனசுக்குள்ள இருக்கிற ஆளுக்குப் பசிக்காது. பக்கத்துல இருக்கிற ஆளுக்குப் பசிக்கும்.

1920-ல் பாரதி சென்னைக்குத் திரும்பி, மறுபடி 'சுதேசமித்திரன்'ல சேர்ந்தார். திருவல்லிக்கேணிக் கோயில் யானை தள்ளி அடிபட்டு, தேறி, அப்புறம் வயித்துக் கோளாறு வந்து 1921 செப்டம்பரில் மறைஞ்சார். 39 வயசுகூட நிறையலை.

உங்களுக்கு?

துல்பாவோ, ஏ.ஐ. நண்பனோ, மனசுக்குள்ள பேசுற ஒரு குரலோ, யாரை உருவாக்கினாலும் சரி. எப்பவும் ஆமாம் போடுற ஆளை மட்டும் கேட்டீங்கன்னா, உங்களுக்குக் கிடைக்கிறது தோழன் இல்லை, கண்ணாடி. முடியாதுன்னு சொல்ல அவருக்கு இடம் கொடுங்க. அவரைத் திருத்தணும்னு கை பரபரக்கும்போது, உங்களை யார் அப்படித் திருத்தப் பார்த்தாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. அந்தக் குரல் உங்களைப் பயமுறுத்தினாலோ, மிரட்டி வேலை வாங்கினாலோ மட்டும் தாமதிக்காம மருத்துவர்கிட்ட பேசுங்க. 14416-ல் 'டெலி மனஸ்' சேவை இலவசம்தான்.

முக்கியமா, அடுத்த ரூம்ல இருக்கிறவங்க சாப்பிட்டாச்சான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. உங்க கண்ணன் அதுவரைக்கும் காத்திருப்பான்!