ரஷ்யாவின் ‘தாய்’ தமிழ் பேசியது எப்படி? யார் இந்த தொ.மு.சி. ரகுநாதன்?

ஆலைத் தொழிலாளியான மகனுக்காகப் போராட்டத்தில் இறங்கும் ஒரு ரஷ்ய அம்மா. மாக்சிம் கார்க்கியின் இந்தத் ‘தாய்’ நாவலை நம்ம ஊர் கதை மாதிரி தமிழில் தந்தவர்தான் தொ.மு.சி. ரகுநாதன்.

1923-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றார். 1948-ல் வறுமையில் இறந்த நண்பர் புதுமைப்பித்தனின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

புத்தகங்கள் அங்கிருந்து இங்கே மட்டும் வரல. பட்டினி கிடந்த கைத்தறி நெசவாளர்களைப் பற்றி அவர் எழுதிய ‘பஞ்சும் பசியும்’ நாவல், அப்போது கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த செக்கோஸ்லோவாக்கியாவுக்கே போய் செக் மொழியில் வெளியானது.

பாரதி பற்றிய ஆய்வு நூலுக்காக 1983-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றார். 1991-ல் சோவியத் யூனியனே உடைந்தது. 2001-ல் ரகுநாதனும் மறைந்தார். அந்த அம்மாவின் கதை மட்டும் தமிழில் இன்னும் படிக்கப்படுகிறது.