துயருற்றோரைத் தேற்றிய வைத்தியர் விக்டர் பிராங்கல்

செத்தவீட்டுக்குப் போகும் நாம், துக்கப்படுபவரின் கையைப் பிடித்து, எல்லாம் தேவ சித்தம் என்று சொல்லித் திரும்புகிறோம். சொன்னதில் பிழையில்லை. ஆனால் முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்து உறவினர் எல்லாரும் போன பிறகு, இனி நான் எதற்காக இருக்க வேண்டும் என்று அம்மனிதர் கேட்டால் தடுமாறிப் போகிறோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று நம் கரை நெடுக அடித்துப் போனபோது இக்கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்தது. கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள் என்ற பேதம் அதற்கு இருக்கவில்லை. உளவளத்துணை என்ற சொல் சாதாரண மக்களிடையே பரவலாகப் புழங்கத் தொடங்கியதும் அப்பொழுதுதான். அக்கலையை வளர்த்தவர்களுள், எல்லாவற்றையும் தாமே இழந்து நின்ற ஒருவரின் வரலாறு இது.

விக்டர் பிராங்கல் 1905ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் திகதி ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை அரசாங்க உத்தியோகத்தர். வைத்தியம் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, 1928இல், மனமுடைந்த இளைஞருக்கு இலவச ஆலோசனை வழங்கும் நிலையங்களைத் தொடங்கினார். பள்ளிகளில் தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாட்களில் மாணவர் உயிரை மாய்த்துக்கொள்வது அங்கே பெருங் கவலையாயிருந்தது. அந்நாட்களில் அவரும் தோழர்களும் விசேடமாக உழைத்தனர். ஓராண்டு வியன்னாவில் ஒரு மாணவன்கூட அவ்வாறு இறக்கவில்லை. (க.பொ.த. பெறுபேறு வரும் வாரங்களில் நம் பெற்றோர் இதை நினைத்துக்கொள்வது நல்லது.)

1938இல் ஹிட்லரின் படை ஒஸ்திரியாவுக்குள் புகுந்தது. 1941இல் அமெரிக்கா செல்ல அவருக்கு விசா கிடைத்தது. வயது சென்ற பெற்றோரை விட்டுப் போவதா என்று மனம் அலைக்கழிந்த வேளையில், வீட்டில் ஒரு சலவைக்கல் துண்டைக் கண்டார். இடிக்கப்பட்ட தொழுகைக்கூடத்திலிருந்து தந்தை பொறுக்கி வந்தது அது. அதிலிருந்த ஒற்றை எழுத்து, நாம் நான்காவதாக எண்ணும் கற்பனைக்கு, தாய் தந்தையரைப் பேணச் சொல்லும் கற்பனைக்கு உரியது. விசாவைக் காலாவதியாக விட்டுவிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் தில்லி என்ற தாதியை மணந்தார்.

1942 செப்டெம்பரில் குடும்பத்தோடு தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தந்தை அங்கேயே இறந்தார். புதிதாக வந்து சேர்வோர் அதிர்ச்சியில் உயிரை விட்டுவிடாதபடி அவர்களைச் சந்தித்துப் பேச, அம்முகாமுக்குள்ளேயே ஒரு குழுவை அவர் அமைத்தார். 1944 ஒக்டோபரில் அவரை அவுஷ்விட்ஸுக்கு அனுப்பியபோது, தில்லி தாமாகவே விரும்பி உடன் சென்றார். அங்கே இருவரும் பிரிக்கப்பட்டனர். மேற்சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த நூலின் கையெழுத்துப் பிரதியும் பறிபோயிற்று.

பின்னர் அடைக்கப்பட்ட முகாமில், வாழ்விலிருந்து இனி எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று சாகத் துணிந்த இருவரை அவர் சந்தித்தார். எல்லாம் நன்றாகும் என்று அவர்களுக்கு ஆறுதல் கூறவில்லை. அவர்களுக்காகக் காத்திருப்பது எது என்றுதான் தேடினார். ஒருவருக்கு வெளிநாட்டில் அவர் உயிராய் நேசித்த பிள்ளை இருந்தது. மற்றவர் ஒரு விஞ்ஞானி. அவர் எழுதத் தொடங்கி முடிக்காத நூல்கள் இருந்தன. வேறெவரும் அவற்றை முடிக்க இயலாது. இதைக் கண்டபின் இருவரும் சாகும் எண்ணத்தைக் கைவிட்டனர்.

1945 ஏப்ரலில் விடுதலை கிடைத்தது. வியன்னா திரும்பியபோதே தாயும் தமையனும் தில்லியும் இறந்த செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. எஞ்சியவர் அவுஸ்திரேலியாவுக்குத் தப்பிய சகோதரி ஒருவரே. பலரைத் தேற்றிய அவர் இப்போது நண்பர்முன் அழுதார். நண்பர்கள் உபதேசம் செய்யாமல், எழுதச் சொல்லி வேலை கொடுத்தார்கள். இடையிடையே அழுதுகொண்டே, தொலைந்த நூலை மீண்டும் சொல்லி எழுதுவித்தார். அந்நூலின் தலைப்பில், குருக்களின் ஆன்ம மேய்ப்புப் பணியைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லையே வைத்தியர் பணிக்கும் வைத்தார். முகாம் வாழ்வைப் பற்றிய நூலை ஒன்பதே நாட்களில் முடித்தார். அது 1946இல் வெளிவந்து, பிற்காலத்தில் உலகெங்கும் வாசிக்கப்பட்டது.

தம் முறைக்கு அவர் இட்ட பெயர் லோகோதெரபி. அருளப்பர் தம் சுவிசேஷத்தின் தொடக்கத்தில் வாக்கு என்ற பொருளில் ஆளும் அதே கிரேக்கச் சொல்லை, வாழ்வின் அர்த்தம் என்ற கருத்தில் எடுத்துக்கொண்டார். ஒருமுறை முதிய வைத்தியர் ஒருவர் அவரிடம் வந்தார். மனைவி இறந்து இரண்டு ஆண்டுகளாகியும் அவர் துயரம் ஆறவில்லை. நீங்கள் முந்தியிருந்தால் அவர் நிலை என்னவாகியிருக்கும் என்று மட்டும் பிராங்கல் கேட்டார். அவர் தாங்கியிருக்க மாட்டார் என்றார் வந்தவர். அப்படியானால் அந்த வேதனையிலிருந்து மனைவியைக் காத்தது உங்கள் இன்றைய துயரமே என்று பிராங்கல் எடுத்துக்காட்டினார். வந்தவர் பேசாமல் கைகுலுக்கிவிட்டு அமைதியோடு போனார். மனைவி திரும்பவில்லை, துயரமும் நீங்கவில்லை. ஆனால் அதைச் சுமக்க ஒரு காரணம் கிடைத்தது. இக்கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டு எல்லாச் செத்தவீட்டிலும் கேட்கக்கூடாது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயிடம் இதைக் கேட்பது கொடுமை. ஒவ்வொருவருக்கும் அர்த்தம் வேறு, அதை அவரவரே கண்டடைய வேண்டும், வைத்தியர் அதை ஊட்டிவிட முடியாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இன்னொன்றிலும் அவர் அசையவில்லை. ஜெர்மானியர் அனைவரும் குற்றவாளிகள் என்று சொல்ல மறுத்தார். கைதிகளுக்காகத் தன் சொந்தப் பணத்தில் மருந்து வாங்கிய முகாம் அதிகாரியொருவரைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார். அதற்காக ஏச்சும் வாங்கினார். 1985, 1990 ஆண்டுகளின் இரத்தக்களரியைக் கண்ட நம் கரையில், தமிழ் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் துக்கம் எவ்வளவு எளிதாகப் பகையாக மாறியது என்பதை அறிந்தவர்கள் இதன் கடினத்தை உணர்வர்.

1947இல் எலி என்ற கத்தோலிக்கப் பெண்ணை மணந்தார். அவர் யூதராகவும் மனைவி கத்தோலிக்கராகவும் ஒருவர் வழிபாட்டை மற்றவர் மதித்து ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தனர். ஒரு மகள் பிறந்தார். 1970 வரை வியன்னா வைத்தியசாலையொன்றில் நரம்பியல் பிரிவுக்குத் தலைவராயிருந்தார். அறுபத்தேழாம் வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். 1997 செப்டெம்பர் 2ஆம் திகதி, 92ஆம் வயதில் இறந்தார். வியன்னாவின் மத்திய மயானத்தில் யூதர்களுக்குரிய பகுதியில் அடக்கம் செய்யப்பட்டார்.