தேளுக்கு வீடமைத்த ஆசிரியர்

தேளைக் கண்டால் செருப்பைத் தேடுவது உலகத்தியற்கை. அத்தகைய தேளுக்கு மண்ணுங் கல்லும் தேர்ந்து வீடமைத்துக் கொடுத்த பெரியார் ஒருவர் பிரான்சு தேசத்திலே வாழ்ந்தார். அவரே ழான் ஆன்ரி ஃபாபர். பூச்சியினங்களின் வாழ்வை ஆராய்ந்து பத்துத் தொகுதிகள் எழுதிய இப்பேரறிஞர் தொழிலால் ஒரு பள்ளி ஆசிரியர். ஆதலின் அவர் சரிதம் எனக்கு அயலார் சரிதமாகத் தோன்றுவதில்லை.

ஃபாபர் 1823ஆம் ஆண்டில் வறிய குடியொன்றிற் பிறந்தார். கோர்சிக்காத் தீவிலும் அவிஞ்ஞோன் நகரிலும் நெடுங்காலம் கற்பித்தார். அவிஞ்ஞோனில் நடந்த இலவச வகுப்புகளிலே, பூக்கள் கருவுறும் முறையை இளம் பெண்களுக்கும் விளக்கினார். அது தகாத செயலெனச் சிலர் தூற்றினர். வாடகை வீட்டினின்றும் வெளியேறுமாறு வீட்டுக்காரர் பணித்தனர். கையிற் பொருளின்றி மனைவி மக்களோடு நின்ற அவருக்கு ஆங்கிலத் தத்துவ ஞானி ஜோன் ஸ்டூவர்ட் மில் கடன் கொடுத்து உதவினார். ஃபாபர் பின்னர்ப் பாடநூல்கள் எழுதிக் குடும்பத்தைக் காத்து, அக்கடனையும் தீர்த்தார். 1879இல், ஐம்பத்தைந்து வயதிலே, செரிஞ்ஞான் என்னும் ஊரிற் கல்லும் முள்ளும் நிறைந்த கரம்பு நிலமொன்று அவருக்கு உரியதாயிற்று.

வீடற்று நின்ற துன்பத்தை அறிந்த அவர், சிற்றுயிர்களை அடைத்து வைத்த முறையே தனியழகு வாய்ந்தது. அவர் வளர்த்த தரந்துலா மண்ணிலே வளை தோண்டி வாழும் சிலந்தி. இக்காலத்தில் வீடுகளிற் பலர் வளர்க்கும் மயிரடர்ந்த பெருஞ்சிலந்திகளுக்கும் அப்பெயரே வழங்குகின்றது. அவை வேறு குடும்பத்தன. ஃபாபர் அகன்ற மட்சட்டிகளிலே அச்சிலந்தி வாழும் நிலத்து மண்ணையே நிரப்பி, நாணற்றண்டினாற் குழியிட்டு, கம்பிவலையால் மூடினார். கூழாங்கற்களும் நூற்றுண்டுகளும் அருகே வைத்தார். வளையின் வாயைச் சுற்றிச் சிறு மதில் எழுப்புவது அதன் இயல்பு. பொருள் மிகுதியாகக் கிடைத்தவுடன், வெளிநிலத்திற் காணாத உயரத்திற்கு அம்மதிலை அது எழுப்பிற்று.

தேள் தனிமையை விரும்புவது. ஒரு கல்லின்கீழ் இரண்டு காணப்படின், ஒன்று மற்றதை உண்பதாகவோ அவை மணத்துணைகளாகவோ இருத்தல் வேண்டும். இதனையறிந்த ஃபாபர், தோட்டத்திலே மணற்பாங்கான மண்ணிட்டு, ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே கல்வீடு அமைத்தார். அவை ஒவ்வொன்றாய் ஓடி மறைந்தன. பின்னர்த் தச்சனைக் கொண்டு மரச்சட்டமும் கண்ணாடியும் பொருந்திய பெருங்கூடொன்று செய்வித்தார். அடியில் மணல், உறைவதற்கு உடைந்த சட்டியோடுகள், மழைக்கும் குளிருக்கும் இறக்கத்தக்க மூடி. சட்டங்கள் வழுக்கும்படி தார் பூசியும் தேள்கள் ஏறின. வழுவழுப்பான தாளை ஒட்டிப் பார்த்தார். மெலிந்த தேள்கள் அதன்மேலும் ஏறின. அத்தாளின்மீது விலங்குக் கொழுப்பைத் தடவிய பின்னரே அவை அடங்கின.

இத்துணை முயற்சியும் எதற்காக? இரவிலே விளக்கொன்றைத் தொங்கவிட்டு, குடும்பத்தாரோடு அக்கூட்டின் முன் அமர்ந்தார் முதியவர். ஆண்தேள் பெண்தேளின் இரு கைகளையும் பற்றிப் பின்னோக்கி நடந்து, ஓட்டின்கீழ் அழைத்துச் செல்லும் மணவுலாவை அங்கேதான் கண்டார். மணமுடிந்த பின் ஆண் பெண்ணுக்கு இரையாவதையும், பிறந்த குஞ்சுகளைத் தாய் முதுகிற் சுமப்பதையும் கண்டார். கூடு ஒவ்வாததாயின் அவர் கண்டது தேளின் அச்சத்தையன்றித் தேளின் வாழ்க்கையை அன்று.

எண்பது வயதை அணுகியபின்னும் அவர் இவ்வாராய்ச்சியை விட்டாரல்லர். 1907இல் பத்தாந் தொகுதி வெளிவந்தது. 1915இல், தொண்ணூற்றொரு வயதிலே, அக்கரம்பு நிலத்து வீட்டிலேயே உயிர் நீத்தார். அவ்விடம் இன்று நூதனசாலையாக விளங்குகின்றது.

சிலந்தியோ தேளோ வளர்க்க விரும்புவோர் கூட்டின் அழகை முதலில் நோக்குகின்றனர். அவ்வுயிர் தோண்டுவதா, ஏறுவதா, ஒளிவதா என்று முன்னர் உசாவி, அதற்கேற்பக் கூட்டைத் திருத்துதலே ஃபாபர் காட்டிய நெறி. வகுப்பறையை ஆளும் நம்மனோர்க்கும் அது பொருந்துமென்பது என் துணிபு. மாணாக்கனின் இயல்பு இன்னதென்று அறியாமல் அவனை ஓர் அறையில் அடைத்துவைத்து, அவன் மந்தனென்று தீர்ப்பளித்தல் எளிது. தேளின் திறத்திலும் அத்தீர்ப்பை அளிக்க மறுத்தார் அந்த ஆசிரியர்.