மண்வாகா? கைப்பக்குவமா? திராட்சைத் துறவி பெரினியோன்

விலை உயர்ந்த ஷாம்பெய்ன் மது ஒன்றுக்கு ஒரு துறவியின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர்தான் டோம் பெரினியோன். நுரை பொங்கும் ஷாம்பெய்னைக் கண்டுபிடித்தவர் இவரே என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. அது வெறும் கதை. அவர் வாழ்நாள் முழுவதும் பாடுபட்டது வேறு ஒரு காரியத்துக்காக!

இளமை

பிரான்ஸ் நாட்டின் வடகிழக்கில் உள்ள ஒரு பகுதிக்கு ஷாம்பெய்ன் என்று பெயர். அங்கே விளையும் மதுவுக்கும் அதுவே பெயர். அந்தச் சீமையில் சேந்த் மெனூ என்ற ஊரில், 1638-ம் ஆண்டு முடிந்து 1639 பிறக்கும் சமயத்தில், பியர் பெரினியோன் பிறந்தார்.

தந்தை ஒரு குமாஸ்தா. குடும்பத்துக்குத் திராட்சைத் தோட்டங்களும் இருந்தன. கொடிகளைப் பார்த்தே வளர்ந்தவர் பெரினியோன். வாலிப வயதில் அவர் உலக வாழ்க்கையைத் துறந்தார். வெர்டன் நகரில் இருந்த பெனடிக்ட் சபை மடத்தில் சேர்ந்தார். அந்தச் சபைத் துறவிகளை 'டோம்' என்று மரியாதையாக அழைப்பார்கள்.

உக்கிராணப் பொறுப்பு

1668-ம் ஆண்டில் அவர் ஓவில்லே என்ற ஊரின் மடத்துக்கு வந்தார். மார்ன் ஆற்றின் அருகே, மலைச் சரிவில் அமைந்த பழமையான மடம் அது. முந்திய காலத்துப் போர்களால் நலிந்து போயிருந்தது. அதன் உக்கிராணப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. தானியம், பணம், கணக்கு, திராட்சைத் தோட்டம் எல்லாம் அவர் மேற்பார்வையில்தான்.

கத்தோலிக்கர்களின் பூசைக்குத் திராட்சை ரசம் வேண்டும். எஞ்சியதை விற்று மடத்தின் செலவை நடத்த வேண்டும். ரசம் நன்றாக இருந்தால்தான் நல்ல விலை கிடைக்கும். மடத்தின் பிழைப்பு அதில்தான் இருந்தது.

குளிர்ந்த பூமி

ஷாம்பெய்ன் சீமையின் மண் வெள்ளைச் சுண்ணாம்பு மண். காற்றோ குளிர்ந்த காற்று. பல ஆண்டுகளில் பழம் சரியாகக் கனிவதில்லை. தெற்கே பர்கண்டி என்ற பகுதி இருந்தது. அங்கே வெயில் சற்று அதிகம். அரசர் பதினான்காம் லூயியின் வைத்தியர் பகோன், பர்கண்டி மதுவே உடம்புக்கு நல்லது என்று அரசருக்கு ஆலோசனை சொன்னார். பூமியின் குணத்தை மனிதனால் மாற்ற முடியுமா? முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

நாவின் திறமை

மடத்துக்குச் சொந்தத் தோட்டங்கள் இருந்தன. சுற்று வட்டார ஊர்களிலிருந்து காணிக்கையாகவும் திராட்சை வந்தது. ஒரு சரிவின் பழத்தில் இனிப்பு அதிகம். இன்னொரு சரிவின் பழத்தில் புளிப்பு அதிகம். வேறொன்றில் மணம் அதிகம்.

பெரினியோன் தோட்டவாரியாகப் பழங்களைக் கொண்டுவரச் செய்வார். இரவு முழுவதும் அவற்றைச் சன்னல் ஓரத்தில் வைத்திருப்பார். காலையில் வெறும் வயிற்றில் ருசி பார்ப்பார். அந்த ஆண்டின் மழையையும் வெயிலையும் எண்ணிப் பார்ப்பார். பிறகு எந்தப் பழத்தோடு எதை, எவ்வளவு சேர்ப்பது என்று முடிவு செய்வார். அவருடைய சீடர் சகோதரர் பியர் இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்.

மற்ற வேலைகளிலும் கண்டிப்பு இருந்தது. கொடிகளை நன்றாகக் கழித்துவிட வேண்டும். காலைக் குளிர்ச்சியில் பழம் பறிக்க வேண்டும். நசுங்கிய பழத்தை ஒதுக்கிவிட வேண்டும். மெதுவாகப் பிழிந்தால் கறுப்புத் திராட்சையிலிருந்தும் தெளிந்த வெள்ளை ரசம் கிடைக்கும். தோலின் நிறம் சாற்றில் இறங்காது.

பலன் தெரிந்தது. ஓவில்லே மடத்தின் மதுவுக்கு உயர்ந்த விலை கிடைத்தது. மடத்தின் தோட்டங்கள் இரு மடங்காயின. அவர் பெயரைச் சொல்லியே மதுவைக் கேட்டு வாங்கினார்கள்.

நுரையும் கதையும்

அந்தச் சீமையின் குளிரால் மதுவின் புளிப்பேற்றம் பாதியில் நின்றுவிடும். வசந்தத்தில் சூடு வந்ததும் மறுபடி தொடங்கும். அப்போது உண்டாகும் வாயு புட்டிக்குள் அடைபட்டு நுரைக்கும். புட்டிகள் வெடிப்பதும் உண்டு. பெரினியோனுக்கு அந்த நுரை ஒரு குறையாகவே பட்டது. அதைத் தவிர்க்கவே அவர் முயன்றார். சர்க்கரை சேர்த்து மதுவை நுரைக்கச் செய்யும் முறையை, அவர் ஓவில்லே வருவதற்கு 6 ஆண்டு முன்பே, 1662-ல், இங்கிலாந்தில் கிறிஸ்டபர் மெரட் என்ற அறிஞர் விளக்கிவிட்டார். பெரினியோன் கண்டுபிடித்தார் என்ற கதையை 1821-ல் பரப்பியவர், அதே மடத்தில் இருந்த குரோசார் என்ற துறவி.

இரண்டும் வேண்டும்

பூமி பெரிதா, கை பெரிதா என்ற கேள்விக்குப் பெரினியோனின் வேலையே பதில். எல்லா மண்ணும் ஒரே ருசி தந்திருந்தால், அவர் நாவுக்கு அங்கே வேலை இருந்திருக்காது. மண்ணே எல்லாம் செய்துவிடும் என்றால், பக்கத்துத் தோட்டக்காரர்களின் மதுவும் அதே விலைக்குப் போயிருக்கும். ஒவ்வொரு சரிவின் குணத்தையும் அறிந்து, ஒன்றின் குறையை மற்றொன்றின் நிறைவால் சரிக்கட்டியதே அவருடைய கைப்பக்குவம்.

47 ஆண்டுகள் அந்த ஒரே பொறுப்பைப் பார்த்தார். 1715-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் காலமானார். அவர் பிறந்த காலத்தில் பிறந்த பதினான்காம் லூயியும் அதே மாதத்தில்தான் இறந்தார். பெரினியோனின் உடல் ஓவில்லே ஆலயத்துக்குள் அடக்கம் செய்யப்பட்டது.

2015-ம் ஆண்டில், ஓவில்லேயின் திராட்சைச் சரிவுகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. மண்ணுக்கு அந்தப் பெருமை கிடைத்தது. புட்டியின் மேலோ, அந்த மண்ணைப் புரிந்துகொண்ட மனிதரின் பெயர் இருக்கிறது.