பிள்ளைக்காக நாடகம் எழுதிய ஆசான்

பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களுக்கு நாடகம் பழக்கும் பொறுப்பு பல்லாண்டுகள் என் தலையிற் சுமந்திருந்தது. அக்காலத்தில் நான் இழைத்த பிழையொன்று இன்றும் நெஞ்சில் முள்ளாக உறுத்துகின்றது. அதனைப் பிழையென்று எனக்கு உணர்த்தியது, தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளின் வரலாறாகும்.

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். சில காலம் உப்புப் பண்டகசாலையிற் கணக்கெழுதினார். இருபத்து நான்காம் வயதில் அவ்வுத்தியோகத்தை உதறிவிட்டு நாடகத்துறை புகுந்தார். இரணியன், எமன், சனீசுவரன் முதலிய வேடங்களில் அவர் தோன்றினால் சபை நடுங்குமாம். அவருடைய எமன் வேடத்தைக் கண்ட அதிர்ச்சியில் கர்ப்பிணி ஒருத்தியின் கரு சிதைந்ததென்றும், அத்துயரால் அவர் வேடந்தாங்குவதையே விட்டொழித்தாரென்றும் நாடக உலகிற் கூறுவர். பின்னர்த் துறவு பூண்டு தலயாத்திரை சென்றவரைப் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை மீண்டும் நாடகத்துக்கு அழைத்து வந்தார்.

அந்நாளில் வளர்ந்த நடிகர்கள் ஆசிரியருக்கு அடங்குவது அரிது. எழுதிய வசனத்தை விட்டு மனம்போனவாறு பேசுவர். மேடையிலே ஒருவரையொருவர் மடக்குவதைத் திறமையென எண்ணுவர். இதனை வெறுத்த சுவாமிகளின் பார்வை சிறுவர்மீது திரும்பியது. 1910ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவினார். பின்னாளில் கொழும்பு மேடையிலே கே. பி. சுந்தராம்பாளோடு இணைந்து பாடிய எஸ். ஜி. கிட்டப்பா, அச்சபையிற் பயின்ற சிறுவருள் ஒருவர். 1918ஆம் ஆண்டில் மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. அங்கே பிள்ளைகள் ஆசிரியரோடு உண்டு, உறங்கி, ஒரே வீட்டில் வாழ்ந்து கற்றனர். பாடலும் வசனமும் மட்டுமன்றி, தமிழ்ச் சொற்களைப் பிழையற உச்சரிக்கவும் அவரிடம் பழகினர்.

அச்சபையில் ஆறு வயதிற் சேர்ந்தவர் தி. க. சண்முகம். அந்தச் சின்னஞ்சிறு பாலனைக் கதாநாயகனாக மேடையேற்ற வேண்டுமென்று சுவாமிகள் விரும்பினார். இரவு உணவுக்குப்பின் விளக்கருகே எழுத அமர்ந்தார். பிள்ளைகள் விடியலில் எழுந்தபோது, நான்கு மணி நேரம் நடிக்கத்தக்க அபிமன்யு சுந்தரி நாடகம் பாடலும் வசனமுமாக முடிந்திருந்தது. நாடகத்துக்குப் பிள்ளையைத் தேடாமல், பிள்ளைக்காக நாடகத்தை ஆக்கினார் அப்பெருந்தகை.

நான் செய்ததோ இதற்கு நேர்மாறு. ஒருமுறை சத்தியவான் சாவித்திரி பழக்கினேன். சாவித்திரியாக நடித்த மாணவனுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு மாத ஒத்திகையில் ஒருநாளேனும் தவறாதவன். விழா நெருங்கிய வேளையில் அவன் குரல் உடையத் தொடங்கியது. மேல்தாயிப் பாட்டிலே தொண்டை பிசிற, ஏனைய பிள்ளைகள் சிரித்தனர். சுருதியை இறக்கியிருக்கலாம், அப்பாட்டை வசனமாக்கியிருக்கலாம். நானோ விழாவுக்கு இரு நாள் முன்னதாக வேடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டு, அவனைத் திரை இழுக்க நிறுத்தினேன். நாடகம் செவ்வனே நடந்தது. மண்டபம் கரகோஷத்தால் அதிர்ந்தபோது, அவன் திரைக்கயிற்றைப் பற்றியபடி சுவரைப் பார்த்து நின்றான். அதன்பின் அவன் மேடைப்பக்கம் வரவேயில்லை.

சுவாமிகளின் இறுதிக் காலம் துயரமானது. பக்கவாதம் தாக்கிப் பேச்சிழந்தார். அத்தனை பிள்ளைகளுக்குச் சொல் கொடுத்த நாவு அடங்கியது. ஆயினும் அவர் தம் சபையைப் பிரியவில்லை. 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். சண்முகமும் சகோதரர்களும் பின்னர்த் தாமே சபை நிறுவி, அவருடைய நாடகங்களை நெடுங்காலம் நடத்தினர்.

அவர் வரலாற்றைக் கற்றபின் என் வழக்கம் மாறியது. பிள்ளைகளை முதலிற் பாடவும் பேசவும் விட்டுக் கேட்பேன். அதன்பிறகே நாடகத்தைத் தெரிவு செய்வேன். குரல் உடைந்தவனுக்கும் ஒரு வேடம் எழுதுவேன். ஆனால், திரைக்கயிறு பிடித்து நின்ற அந்த ஒருவனுக்கு நான் எழுதாமல் விட்ட வேடத்தை இனி எந்த மேடையில் எழுதுவேன்?