மீன்நூற் கூலி

வால்வெள்ளி ஒன்றுக்குத் தம் பெயரை ஈந்த எட்மண்டு ஹலி (1656–1742) செல்வம் மிக்க சவர்க்கார வணிகர் ஒருவரின் மைந்தர். இருபத்திரண்டு வயதிலேயே இலண்டன் அரச கழகத்தில் உறுப்பினரானார். தந்தையார் 1684இல் மறைந்தார். 1686இல் ஹலி தம் உறுப்புரிமையைத் துறந்து, அதே கழகத்தில் ஆண்டுக்கு 50 பவுண் ஊதியம் பெறும் எழுத்தராக அமர்ந்தார்.

கழகத்துக்கு அரசனின் பட்டயம் இருந்தது, பொருள் இல்லை. உறுப்பினர் கிழமைக்கொரு சிலிங் செலுத்தல் வேண்டும் என்பது விதி. பெயர் பதிந்தோர் பலர். நிலுவை வைத்தோரும் பலர். (நம்மூர்ச் சங்கத் தனாதிகாரிகள் ஈண்டுப் பெருமூச்செறிவர்.) நியூற்றனே 1675இல் அச்சந்தாவினின்றும் விலக்குப் பெற்றவர்தாம். கையிலிருந்த சிறுபொருளையும் வில்லபி என்பாரின் மீன்கள் பற்றிய பெருநூலில் 1686இற் கழகம் முடக்கிவிட்டது. படங்கள் மலிந்த அழகிய நூல், வாங்குவாரைக் காணோம்.

அவ்வேளையிலேதான் நியூற்றனின் ‘பிரின்சிப்பியா’ கையெழுத்துப் படியாக வந்தது. அச்சிடுக எனத் தீர்மானித்த கழகம், செலவை எழுத்தர் தலையிற் சுமத்திற்று. ஹலி கைப்பொருளை ஈந்தார், அச்சுப்படி திருத்தினார், ஹூக்குடன் மூண்ட பூசலால் மூன்றாம் பாகத்தை நிறுத்தப்புகுந்த நியூற்றனைத் தேற்றினார், இலத்தீனிற் சிறப்புப்பாயிரமும் பாடிக்கொடுத்தார். 1687 யூலையில் நூல் வெளிவந்தது.

அம்மாதமே கழகம் தான் கொடுக்கவேண்டிய 50 பவுணுக்கு ஈடாக அவருக்கு வழங்கியவை மீன்நூலின் 50 பிரதிகள்! பழைய நிலுவைக்கு மேலும் 20. கழகத்தார் நெஞ்சிலிகள் அல்லர். அவர்தம் பேழையில் வேறொன்றும் இருந்திலது. ஹலி பின்னும் பல்லாண்டு அக்கழகத்தின் எழுத்தராகவே பணிபுரிந்தார்.