இரண்டு பிரிவையும் இணைத்த பெசியர்



மெக்கானிக்கல் பெருசா, எலெக்ட்ரிக்கல் பெருசா என்று கேன்டீனில் நாம் போடுகிற சண்டைக்கு முடிவே கிடையாது. இரண்டையும் படித்து, இரண்டையும் ஒரே வேலையில் சேர்த்துக் காட்டிய ஒருவரைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் பியர் பெசியர்.

1910 செப்டம்பர் 1-ஆம் தேதி பாரீஸ் நகரில் பிறந்தார். அப்பாவும் தாத்தாவும் இன்ஜினியர்கள். 1930-இல் மெக்கானிக்கல் பட்டம், அடுத்த வருஷமே எலெக்ட்ரிக்கல் பட்டம். இத்தனை படித்தவர் 1933-இல் ரெனால்ட் கார் கம்பெனியில் எந்த வேலையில் சேர்ந்தார் தெரியுமா? டூல் செட்டர்! மெஷினில் டூலைப் பொருத்தி அளவு சரிபார்க்கிற வேலை. அங்கிருந்துதான் படிப்படியாக டூல் டிசைன் பிரிவின் தலைவரானார்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிடம் கைதியானார். முகாமில் அடைபட்டுக் கிடந்தபோதும் தானியங்கி மெஷின்களைப் பற்றியே யோசித்தார். போர் முடிந்ததும் அந்த யோசனை, ரெனால்ட் 4சிவி காரின் பாகங்களைச் செய்யும் டிரான்ஸ்ஃபர் லைன்களாக உருவெடுத்தது. ஒரு வேலை முடிந்ததும் பாகம் தானாகவே அடுத்த இடத்துக்கு நகரும். வெட்டுவது மெக்கானிக்கல், ஓட்டுவதும் நிறுத்துவதும் எலெக்ட்ரிக்கல்!

அவருடைய பெரிய சாதனை ஐம்பது வயதில்தான் ஆரம்பித்தது. அப்போதெல்லாம் கார் பாடியின் வளைவைக் களிமண்ணில் செய்து, பேப்பரில் வரைந்து, டெம்ப்ளேட் வெட்டி, மாஸ்டர் மாடல் செய்வார்கள். கை மாற மாற வளைவும் கொஞ்சம் மாறும். கடைசியில் டை செய்கிறவருக்கு எது சரியான வடிவம் என்றே புரியாது. 1960-இல் பெசியர் அந்த வளைவை எண்களாகவே எழுத முனைந்தார். சில புள்ளிகள் வைத்தால் போதும். முதல் புள்ளியில் தொடங்கிக் கடைசிப் புள்ளியில் வளைவு முடியும். நடுப்புள்ளிகள் காந்தம் மாதிரி அதைத் தம் பக்கம் இழுக்கும். அதே எண்களை வைத்துத்தான் கம்ப்யூட்டர் வரையும், மில்லிங் மெஷினும் வெட்டும். இது நடக்கிற காரியமா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. ஆனால் 1968-இல் யூனிசர்ஃப் என்ற பெயரில் அது வேலைக்கே வந்துவிட்டது.

சிட்ரோயன் கம்பெனியின் பால் தெ காஸ்தல்ஜோ இதே வளைவை 1959-லேயே கண்டிருந்தார். கம்பெனி அதை ரகசியமாகப் பூட்டி வைத்தது. பெசியர் வெளியே எழுதினார், பெயரும் அவருக்கே நின்றது.

1975-இல் ஓய்வு பெற்றார். சும்மா இருந்தாரா? 1977-இல் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார்! 1999 நவம்பர் 25-இல் மறைந்தார்.

இன்று காரின் வயரிங், பாடிக்குள் எங்கே வளைந்து போகணும் என்பதையும் ஒரே ஸ்க்ரீனில் பார்க்கிறோம். மெக்கானிக்கல்காரர் ஓட்டையை நகர்த்தினால் எலெக்ட்ரிக்கல்காரருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் வயர் உரசி அறும்.

பெசியருக்கு அப்பா, தாத்தா வழிகாட்டியிருக்கலாம். எங்க வீட்டில் டிராயிங் போர்டைத் தொட்ட முதல் ஆள் நான்தான். நம்மில் பலரும் அப்படித்தானே? ஆனால் டூல் செட்டர் வேலையில் தொடங்க யாருக்கும் தாத்தா தேவையில்லை. பக்கத்து டிப்பார்ட்மெண்ட் புத்தகத்தைப் புரட்டவும் தேவையில்லை. புரட்டுவோம் நண்பர்களே!